அசல் அல்லாத சீனி வருத்தம்

பரராஜசிங்கம் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். பிறகு எங்கள் கவுண்டர் மேசையில் பாதி உடம்பைச் சாய்த்து, கணினித் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையை வாசித்தார். நீதிமன்றத்தில் காணி உறுதிப் பத்திரம் வாசிக்கிற அதே குரல். முதலில் ஆங்கிலத்தில், பிறகு எங்களுடைய நன்மைக்காகத் தமிழில்.

"இந்தப் பிரதி அசலானது அல்ல."

ஆய்வுகூடத்தில் காலைக் கூட்டம். வெறும் வயிற்றோடு வந்து இரத்தம் கொடுத்தவர்கள், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள். ஸ்பிரிட் மணம். அதற்கு மேலாக, யாரோ பிளாஸ்கைத் திறந்த பிளேன்டீ மணம். எல்லோருடைய தலையும் ஒன்றாக நிமிர்ந்தது.

ஐயாவின் கையில் இருந்தது, நான் அப்போதுதான் அச்சடித்துக் கொடுத்த அவருடைய இரத்தச் சீனிப் பரிசோதனை அறிக்கை. அதில் இருந்த எண்ணைப் பார்த்தால் எந்த டொக்டரும் முதலில் கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லியிருப்பார்.

"பிள்ளை, இஞ்சை பாரும். உம்மட மெஷினே சொல்லுது, இது அசல் இல்லையாம்."

"ஐயா, அது உங்க ரிப்போர்ட்டச் சொல்லல. கம்பியூட்டர ஓட்டுற ஓ.எஸ். ஒண்ணு உள்ள இருக்கில்லையா, அதுக்கு லைசென்ஸ் இல்லேன்னு சொல்லுது. ரத்தம் பாக்கிற மெஷின் வேற. அது உள் அறையில இருக்கு."

"அப்ப இந்தக் கடதாசி எதுக்குள்ளாலை வந்தது?"

"இந்தக் கம்பியூட்டருக்குள்ளால."

"அவ்வளவுதான் கதை. போலி உறுதியை வைச்சு எழுதின அடுத்த உறுதி செல்லுமோ? செல்லாது. அதை வைச்சு எழுதின மூண்டாவதும் செல்லாது. வேர் போலி எண்டால் பிள்ளை, காயும் போலிதான்."

அவர் பிரசித்த நொத்தாரிசு. கண்டியில் காணி வாங்கியவர்கள் விற்றவர்கள் எத்தனையோ பேருடைய உறுதிகளில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. எது பிரதி, எது அசல் என்று சொல்லியே வாழ்ந்த மனிதரிடம் நான் இரத்தத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அறிக்கையை நாலாக மடித்து என் மேசையிலேயே வைத்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! நீண்ட வழக்கு ஒன்றில் விடுதலையான ஆள் மாதிரி இருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனவர், வீதியைக் கடந்து எதிர்த் தேநீர்க்கடைக்குள் நுழைந்தார். சீனி தூக்கலாகப் போட்ட பால் தேநீரும் இனிப்புப் பனிஸும் அவர் முன்னால் வருவதை இங்கிருந்தே பார்த்தேன்.

இதை எழுதலாமா என்று பிற்காலத்தில் அவரிடமே அனுமதி கேட்டேன். பெயரை மாற்றவேண்டும், சட்டம் சம்பந்தமான வசனங்களை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும், பனிஸைப் பற்றி எழுதக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். முதல் இரண்டையும் நிறைவேற்றிவிட்டேன்.

திரை ஏன் மக்களைப் பார்த்தது

உலகத்தில் எந்த அலுவலகத்திலும் கணினித் திரை அங்கே வேலை செய்கிறவரைப் பார்த்துத்தான் இருக்கும். எங்கள் கவுண்டரில் அது பாதி என்னையும் பாதி வாடிக்கையாளரையும் பார்த்தபடி, ஒன்றரைக்கண் மாதிரி இருந்தது. அதற்குக் காரணம் எங்கள் முதலாளி மாணிக்கம்.

மாணிக்கம் முதலாளிக்கு உண்மையான தொழில் திரைச்சீலை வியாபாரம். பக்கத்து வீதியில் பெரிய கடை. ஆய்வுகூடத்தை முன்பு நடத்தியவர் பிள்ளைகளோடு வெளிநாடு போனபோது, கட்டடம் நல்ல இடத்தில் இருக்கிறதே என்று வாங்கிப் போட்டார். உள்ளே இருந்த சோதனைக் குழாய்களும் நாங்களும் கட்டடத்தோடு சேர்ந்து வந்தோம்.

அவர் எதையும் திரைச்சீலையாகத்தான் விளங்கிக்கொள்வார். "கஸ்டமர் தொட்டுப் பாக்கணும்மா. அப்பத்தான் வாங்குவான்" என்பார். கொலஸ்ட்ரோலை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று நான் கேட்டதில்லை.

பெயர்த் தகராறு தினமும் நடக்கும். லெட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது கவுண்டரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அடையாள அட்டையில் ஒரு விதம், பாஸ்போட்டில் இன்னொரு விதம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஓர் எழுத்துப் பிழைக்காக அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒருநாள் முதலாளி வந்து, திரையைப் பிடித்துத் திருப்பினார்.

"அவங்க பேர அவங்களே பாத்துச் சரி சொல்லட்டும். பிழை வந்தா அவங்க பொறுப்பு."

ஆய்வுகூடத்தில் அவர் செய்த ஒரே சீர்திருத்தம் அது. அதற்கு அவர் கொடுத்த விலை பிறகு வந்தது.

ஒரு மின்வெட்டும் ஓர் அத்திவாரமும்

மின்வெட்டு நாட்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். போகிற மின்சாரத்தால் பிரச்சினை இல்லை. திரும்பி வருகிற மின்சாரம்தான் கோபத்தோடு வரும். அப்படி ஒரு பிற்பகல் அது திரும்பி வந்தபோது கவுண்டர் கணினி ஒருமுறை இருமி, வயர் கருகிய மணத்தை விட்டு, அடங்கிவிட்டது.

நிஸ்தாரைக் கூப்பிட்டோம். அலவத்துகொடவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற இளைஞர். கண்டியில் பல கடைகளுக்கு அவர்தான் கணினி வைத்தியர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து: "போர்மட் அடிச்சிருவோம் மிஸ்." பிரிண்டர் வேலை செய்யாவிட்டாலும் அதுதான், மவுஸ் ஓடாவிட்டாலும் அதுதான். ஒருமுறை கரண்ட் பிளக் கழன்றிருந்ததற்கும் அதையே சொன்னார்.

இந்தத் தடவை நோய் நிஜமானது. மதர்போட் எரிந்திருந்தது. புதிதாக ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிட்டு, முதலாளியைக் கூப்பிட்டார்.

"முதலாளி, ஒரு சின்ன சிக்கல். பழைய லைசென்ஸ் இதுல ஏறுதில்ல. போட் மாறினா, கம்பெனிக்காரனுக்கு இது வேற கம்பியூட்டர்."

"என்னப்பா சொல்ற? அதே பெட்டி, அதே திரை, அதே கீபோட். கூரைத் தகரம் மாத்தினா வீட்டு உறுதி செல்லாமப் போகுமா?"

"இது கூரை இல்ல முதலாளி. அத்திவாரம்."

"அத்திவாரத்த மாத்தினாலும் வீடு என் வீடுதானே?"

"அது நீங்களும் நானும் சொல்றது. அவன் சொல்றான், காணியே வேறயாம்."

புது லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் அதற்கு வெளிநாட்டுக்குக் கார்ட்டால் கட்டவேண்டும், வங்கி இப்போது விடாது என்றார் நிஸ்தார். முதலாளியின் முகம் மலர்ந்தது. நாட்டில் டொலர் இல்லாத செய்தி கேட்டு நிம்மதியடைந்த ஒரே மனிதரை நான் அன்று பார்த்தேன்.

"பாத்தியாம்மா, நம்ம குத்தம் இல்ல. நாட்டு நிலைமை" என்றார் என்னிடம்.

"அது மட்டுக்கும் நான் ஒரு டூப்ளிகேட் கொப்பி போட்டுத் தாரேன்" என்றார் நிஸ்தார். "ஒண்டுக்கும் பயப்பட வாணாம் மிஸ். எல்லா இடத்துலயும் இதுதான் ஓடுது."

ஓடியது. சில வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு காலை நான் கணினியைத் திறந்தபோது, திரையில் இருந்த மலைப் படம் மறைந்து முழுக் கறுப்பு. மூலையில் வெள்ளை எழுத்து: இந்தப் பிரதி அசலானது அல்ல.

பிளாஸ்டர் வைத்தியம்

முதலாளியிடம் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விலை கேட்கிறவர் மாதிரி தூரத்தில் நின்று பார்த்தார்.

"சின்ன எழுத்துதானேம்மா. ஒரு ஓரத்துல அடக்கமாத்தான் இருக்கு."

"கஸ்டமர் பக்கம் இருக்கு, முதலாளி."

யோசித்தார். மேசையில் இருந்த காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் சுருளை எடுத்து, ஒரு துண்டு வெட்டி, எழுத்தின்மேல் ஒட்டினார். "முடிஞ்சுது" என்றார்.

அந்த மூலையில்தான் மணி காட்டும். பிரிண்டர் வேலை செய்கிறதா என்று காட்டுகிற சின்னமும் அங்கேதான். அதனால் நாளுக்குப் பல தடவை பிளாஸ்டரின் ஒரு நுனியை மெதுவாகத் தூக்கி, உள்ளே பார்த்து, மறுபடி அழுத்தி மூடினேன். புண்ணுக்கு மருந்து கட்டுகிற மாதிரியே இருக்கும். இரத்தம் எடுக்கிற எங்கள் தில்ருக்ஷி, "மிஸ், ஆறிட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

பரராஜசிங்கம் ஐயா வந்த காலையில், பிளாஸ்டர் பசை காய்ந்து விழுந்திருந்தது. அவருடைய கண்ணில் படவேண்டும் என்றே காத்திருந்த மாதிரி.

நல்ல அறிக்கை, கெட்ட அறிக்கை

செய்தி நீதிமன்ற ஒழுங்கையில் பரவி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இறங்கி, மார்க்கட்டுக்குள் போனது. அந்த வாரம் மனிதர்களைப் பற்றி நான் படித்ததை வேறெங்கும் படித்ததில்லை.

கெட்ட அறிக்கை வாங்கியவர்கள் எல்லோரும் சந்தோஷமாக வந்தார்கள். கொழுப்புக் கூடிய ஒரு புடைவைக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்பவே நினைச்சேன் மிஸ், நமக்கெல்லாம் அது வராதுன்னு." ஈரல் பழுது என்று அறிக்கை வாங்கியிருந்த ஒருவர் கொண்டாடிவிட்டே வந்திருந்தார். வாடையில் தெரிந்தது.

நல்ல அறிக்கை வாங்கியவர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லேன்னு சொன்னது பொய்யா?" ஒன்றும் இல்லாத மனிதர் ஒருவர், தனக்கு என்ன இருக்கிறது என்று நாங்கள் சொல்லியே ஆகவேண்டும் என்று மேசையில் அடித்தார்.

ஒரு தாய் மட்டும் சத்தம் போடவில்லை. குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். கல்யாணமாகி நெடுநாள் காத்திருந்த மகளுக்குப் பிள்ளை தரித்திருக்கிறது என்று எங்கள் அறிக்கை சொல்லியிருந்தது. அவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, மிக மெதுவாகக் கேட்டார்:

"அது மட்டும் அசல்தானே, மிஸ்?"

தில்ருக்ஷி அவருடைய மகளை மறுபடி வரச் சொல்லி, அவருடைய கண்முன்னாலேயே சோதித்துக் காட்டினாள். அசல்தான்.

அக்கா வந்த பிற்பகல்

அடுத்த வாரம், கூட்டம் கலைந்த பிற்பகல் ஒன்றில், பரராஜசிங்கம் ஐயாவின் மனைவி மங்கையர்க்கரசி அக்கா தனியாக வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. குடையை மடக்கி, வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"பிள்ளை, ஒரு உதவி. உந்த எழுத்தை எடுக்கேலாதோ?"

"எந்த எழுத்து, அக்கா?"

"உதிலை இருக்கிறதுதான். அது இருக்குமட்டும் அவர் குளிசை போடமாட்டார். போலிக் கடதாசிக்கு நான் ஏன் மருந்து குடிக்கோணும் எண்டு கேக்கிறார். முந்தி இனிப்பை ஒளிச்சுச் சாப்பிட்டவர், இப்ப மேசையிலை வைச்சுச் சாப்பிடுறார்."

"வேற லாப்ல ஒருக்கா பாத்தா என்ன, அக்கா?"

"கேக்காமல் இருந்தனானோ? எல்லா லாப்பிலையும் இதே கூத்துத்தானாம். மற்றவை மறைக்கினமாம். உண்மையை ஒத்துக்கொள்ளுற மெஷின் கண்டியிலை இது ஒண்டுதானாம். இந்த மெஷின் அசல் எண்டு தன்ரை வாயாலை சொல்லட்டும், அப்ப நம்புறன் எண்டு நிக்கிறார்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"காலிலை ஒரு புண் இருக்குப் பிள்ளை. கடைசி விரலுக்குப் பக்கத்திலை. ஆருக்கும் காட்டுறாரில்லை. வீட்டுக்குள்ளையும் சொக்ஸ் போட்டபடிதான். படுக்கையிலையும் கழட்டுறாரில்லை. மணம் வருது."

கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையின் மூலையைப் பார்த்தார். எங்கள் புதுப் பிளாஸ்டரை.

ஸ்பிரிட்டின் வேலை

நிஸ்தாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா மிஸ்? எழுத்த மட்டும் இல்லாமாக்க ஒரு சாமான் ஈக்கிது. தேத்தண்ணி குடிச்சி முடியிறதுக்குள்ள போட்டுத் தாரேன்."

"போட்டா? அவர் வந்து, எழுத்து எப்படிப் போச்சு, யாரு எடுத்தது, எந்த அதிகாரத்துல எடுத்ததுன்னு கேப்பாரே."

நிஸ்தார் தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். நொத்தாரிஸ்மார்ட வேலையே அதுதானே."

முதலாளியிடம் போனேன். நாட்டு நிலைமையைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். நான் அவருடைய பாஷையிலேயே கேட்டேன்:

"முதலாளி, உங்க கடை வாசல்ல 'இந்தத் துணி சாயம் போகும்'னு எழுதிப் போட்டிருந்தா, ஒரு முழம் விப்பீங்களா?"

"அப்படிச் சொல்லும்மா முதல்லயே" என்றார்.

எரிந்த மதர்போட்டுக்குப் பதிலாக மாற்றியது என்றால் பழைய லைசென்ஸையே திரும்பக் கேட்டுப் பார்க்கலாம், கம்பெனிக்குப் போன் பண்ணவேண்டும் என்று நிஸ்தார் விசாரித்துவந்து சொன்னார். அதற்குப் பெட்டியின் பக்கத்தில் கம்பெனி ஒட்டி அனுப்பிய ஸ்டிக்கரில் உள்ள எழுத்துகள் வேண்டும். ஸ்டிக்கர் இருந்தது. எழுத்துகள்தான் இல்லை. சுத்தத்தில் தில்ருக்ஷி வலு கண்டிப்பு. தினமும் ஸ்பிரிட் பஞ்சால் மேசையையும் கதிரையையும் கணினியையும் ஸ்டிக்கரையும் சேர்த்தே துடைத்திருக்கிறாள்.

கிருமி வளர்க்கிற தட்டுகளைப் பார்க்கும் பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியை அவளே கொண்டுவந்தாள். நிஸ்தார் டோர்ச் பிடித்தார். தில்ருக்ஷி ஒரு கண்ணை மூடி, வழக்கமாகக் கிருமியைத் தேடுகிற முகத்தோடு ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"பி. இல்ல, எட்டு. இல்ல... பி மாதிரி எட்டு."

எல்லா விதமாகவும் எழுதிப் போட்டுப் பார்த்து, ஒருவழியாகக் கணினி ஏற்றுக்கொண்ட பிறகுதான் போனை எடுத்தோம்.

உண்மை பேசியவர்

முதலில் பேசியது ஓர் இயந்திரப் பெண் குரல். ஆங்கிலம். முதலாளி தானும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார். குரல் கேட்டது: இந்தப் பிரதி எத்தனை கணினிகளில் போடப்பட்டிருக்கிறது?

"என்ன கேக்குது?" என்றார் முதலாளி. நான் தமிழில் சொன்னேன்.

மாணிக்கம் முதலாளி வரிக்கணக்கிலோ, துணியின் நீளத்திலோ எவ்வளவு உண்மை பேசுவார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று, பேசக்கூடாத ஒரே இடத்தில், போனுக்குக் கிட்டக் குனிந்து, தெளிவாகச் சொன்னார்:

"இங்க ஒண்ணு. கடையில ஒண்ணு. டூ! டூ!"

நான் நிஸ்தாரைப் பார்த்தேன். நிஸ்தார் கூரையைப் பார்த்தார். முந்தி ஒருநாள் முதலாளி கேட்டு, அதே ஸ்டிக்கர் எழுத்துகளைத் திரைச்சீலைக் கடைக் கணினிக்கும் போட்டுக் கொடுத்தது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

இயந்திரக் குரல் நின்றது. கொஞ்சம் சங்கீதம். பிறகு ஒரு மனிதக் குரல். நான் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த இளைஞர் கேட்டார்:

"மேடம், நீங்க தமிழா?"

எனக்குக் கண் கலங்கிப்போனது என்றால் நம்பமாட்டீர்கள். "ஆமாங்க. கண்டியிலிருந்து பேசுறேன்."

"போர்டு பழுதாகி மாத்துனீங்களா? இல்ல, பெரிசா வேணும்னு மாத்துனீங்களா?"

"எரிஞ்சிருச்சிங்க. கரண்ட் வந்தப்போ."

"அப்ப செஞ்சு குடுக்கலாம் மேடம். ஆனா ரெண்டு மெஷின்ல இருக்குன்னு இப்ப ஒரு சார் சொன்னாங்களே? ஒண்ணுல எடுத்துட்டுக் கூப்பிடுங்க. ஒரு லைசென்ஸ், ஒரு மெஷின்."

முதலாளிக்கு அது பெரிய சோதனை. கடைக் கணினியில் பில் போடுகிறவர் அவருடைய மச்சான். பில் போடுகிற நேரம் போக, மிச்சமெல்லாம் அதில் சீட்டு விளையாடுவார். அவரிடமிருந்து அதைப் பறிப்பது குடும்ப விவகாரம். முதலாளி எழுந்து வாசல் வரை போய், திரும்பி வந்து, நிஸ்தாரிடம் சொன்னார்: "போய்க் கழட்டு. நான் சொன்னேன்னு சொல்லாத. வைரஸ்னு சொல்லு."

மறுநாள் காலை மறுபடி அழைத்தோம். திரையில் இருந்த நீண்ட எண்ணை நான் வாசித்தேன். அங்கிருந்து அந்த இளைஞர் வேறு எண் ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வோர் இலக்கமாக நான் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினேன். காத்திருந்தவர்கள் லொத்தர் சீட்டு இழுக்கிற நேரம் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் ஒவ்வோர் இலக்கத்தையும் எனக்குப் பின்னால் திருப்பிச் சொன்னார்.

கடைசி இலக்கத்தைத் தட்டினேன். திரை ஒருகணம் யோசித்தது. கறுப்புத் திரையின் மூலையில் இருந்த பிளாஸ்டரை உரித்தேன். எழுத்து போய்விட்டது.

யாரோ ஒருவர் கைதட்டினார். பஞ்சு அழுத்திய கையால் தட்டியதால் அவருக்கு மறுபடி இரத்தம் வந்தது.

சாட்சி

அக்காவுக்குச் சொன்னேன். ஐயாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த நாளே வந்தார். ஐயா கொஞ்சம் நொண்டி நடந்தார். சப்பாத்து பொலிஷ் பளபளத்தது.

"எங்கை, காட்டும்."

லைசென்ஸ் உறுதியானது என்று கணினி சொல்கிற பக்கத்தைத் திறந்து காட்டினேன். வாசித்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

"ஆர் உறுதிப்படுத்தினது?"

"கம்பெனி, ஐயா."

"கம்பெனியிலை ஆர்?"

"ஒரு தமிழ்ப் பையன். பேர் கேக்கல."

"சாட்சி இருக்கோ?"

"நான் இருந்தேன்" என்று கதிரையிலிருந்து ஒரு குரல். முந்தின நாள் இலக்கங்களைத் திருப்பிச் சொன்ன பெரியவர். அறிக்கை வாங்க வந்திருந்தார். "என் காதால கேட்டேன் ஐயா. நம்பர் எல்லாம் சரி."

ஐயாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. சேர்ட் கையை மடித்தார். தில்ருக்ஷி இரத்தம் எடுத்தாள். காத்திருந்த நேரமெல்லாம் அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கை வந்தது. எண் போன தடவையைவிடக் கூடுதல். மிகவும் கூடுதல்.

ஐயா வாசித்தார். பிறகு குனிந்து திரையின் மூலையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மற்ற மூன்று மூலைகளையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. மணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"திரும்ப ஒருக்கா செஞ்சு பாக்கவா, ஐயா?"

"வேண்டாம் பிள்ளை."

அந்தக் குரலில் நீதிமன்றம் இல்லை. அறிக்கையை மடிக்கவும் இல்லை. அப்படியே பிடித்தபடி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"போவமோ?"

"எங்கை?"

"நீர் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு."

அக்கா குடையை எங்கள் வாசலில் மறந்துவிட்டு அவரைத் த்ரீவீலில் ஏற்றினார். மாணிக்கம் முதலாளி அன்று பின்னேரமே அந்தக் கணினிப் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து, பிரேம் போட்டு, கவுண்டருக்கு மேலே மாட்டினார். கீழே பெரிய எழுத்தில்: எங்கள் நோய்கள் அனைத்தும் அசலானவை. 'அறிக்கைகள்' என்று எழுத வேண்டியது, கடை மச்சான் எழுதியதால் அப்படி வந்தது. நாங்கள் யாரும் திருத்தச் சொல்லவில்லை.

பேராதனையில்

குடையைக் கொடுக்கிற சாட்டில் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐயா கட்டிலில் சாய்ந்திருந்தார். கோட் இல்லாமல், கழுத்துப்பட்டி இல்லாமல், வார்டுச் சட்டையில், அவர் யாரோ ஒருவருடைய தம்பி மாதிரி இருந்தார்.

கால் விரலை வெட்டி எடுக்கவேண்டும். இனியும் தாமதித்தால் விரலோடு நிற்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இளம் பெண் டொக்டர். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று அவர் சிங்களத்தில் கேட்டபோது ஐயாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். "ஆவணத்தில் ஒரு குறை இருந்தது." டொக்டருக்கு விளங்கவில்லை. அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

சம்மதப் பத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அவர் இனி எழுத்துப்பிழை தேடுவார், வாசகத்தை ஆட்சேபிப்பார், சாட்சி கேட்பார் என்று நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஐயா பேனையை வாங்கினார்.

"எந்த இடத்திலை, பிள்ளை?"

காட்டினேன். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஒரு தாதி, அறுவைக்கு முன் காலில் அடையாளம் போடுவதற்காக நீல நிற மார்க்கர் பேனையோடு வந்தாள். எந்தக் கால் என்று கேட்டாள். அக்கா பதில் சொல்ல வாய் திறந்தார். ஐயா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு தானே குனிந்து, போர்வையை மெதுவாக, முழங்கால் வரை விலக்கினார்.

"இது, மகள்" என்றார் தாதியிடம்.

அக்கா கிட்ட வந்து நின்று, அந்தக் காலைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஐயா போர்வையை மூடவில்லை.